வெள்ளிக் காலும் உப்புத்தண்ணீரும்

என் மகளுக்கு,

குறிகாட்டுவான் துறைக்கும் நயினாதீவுத் துறைக்கும் இடையில் கிடக்கிற கடலின் ஏகச் சக்கரவர்த்தியும், அலைகளை அதட்டி உட்கார வைப்பவரும், இயந்திரம் நின்றுபோனாலும் வாய் நின்றுபோகாத லோஞ்ச் ஓட்டியும், ஊருக்கெல்லாம் மாமாவும் உனக்கு மட்டும் அப்பாவுமாகிய நான் இதை எழுதுகிறேன். இங்கே உன்னைப் பெற்ற கொம்மா சுகம். லோஞ்ச் சுகம். போன கிழமை அடித்த கொண்டல் காற்றில் என் தொப்பி மட்டும் பறந்து இராமேஸ்வரத்துக்குப் போய்விட்டது. அங்கே இந்நேரம் அதற்கு யாராவது மாலை போட்டிருப்பார்கள்.

வருகிற கிழமை உன் கால்களில் முதல் ஒப்பரேசன். நேற்று ரெலிபோனில் நீ, "அப்பா, பயப்பிடுறியளோ?" என்று கேட்டாய். "நானோ? சூறாவளியையே காதைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினவன் நான்" என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்து, ரெலிபோனை வைத்து, துறைக்குப் போய் ஒரு நடை ஓடிவிட்டு, லோஞ்சைக் கட்ட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் அது ஆளில்லாமல் துறைக்கு முன்னால் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சனங்கள் கரையில் நின்று கைதட்டினார்கள். ஆகவே என் பயத்தின் அளவு இப்போது தீவுகள் முழுவதற்கும் தெரியும். ஆனால் அந்தப் பயத்தை விட என் பெருமை பெரியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னிடம் மட்டும் சொன்னால் போதாது என்றபடியால் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலும் போடச் சொல்லியிருக்கிறேன். நீயும் சம்மதம் தந்தாய், ஒரு நிபந்தனையோடு: "எழுதுங்கோ அப்பா. ஆனால் என்ர கால் அளவைக் கூட்டிச் சொல்லாதேங்கோ." மற்ற எல்லாவற்றையும் கூட்டிச் சொல்ல அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன்.

வாசிக்கிறவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். இடம்பெயர்ந்து அலைந்து நாங்கள் தீவுக்குத் திரும்பி வந்த காலம். நீ சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையாகி ஒரு வருசம் ஆகவில்லை, உன் கால்கள் இரண்டும் தடிக்கத் தொடங்கின. இடுப்புக்குக் கீழே, கணுக்கால் வரைக்கும். அதோடு ஒரு கயிறு கட்டி மறித்தமாதிரி வீக்கம் நின்றுவிடும். அதற்குக் கீழே பாதம் மட்டும் பழைய சின்னப் பாதம்தான். ஊர் உடனே கூடித் தீர்ப்புச் சொன்னது: யானைக்கால். துறையில் நின்றவர்கள் எல்லாரும் அன்றைக்கு வைத்தியர்கள். ஒருவர் வேப்பம்பட்டை அவிக்கச் சொன்னார். ஒருவர் காலைக் கடல் மணலுக்குள் புதைக்கச் சொன்னார். பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். யானைக்கால் பூச்சி இருட்டின பிறகுதான் இரத்தத்துக்குள் உலாவ வருமாம், அப்போது ஊசி குத்திப் பார்க்க வேண்டுமாம். அது ஊரடங்குக் காலம். "டொக்டர், நாங்கள் ஆறு மணிக்கு மேல வெளிக்கிடேலாது, பூச்சி மட்டும் வெளிக்கிடலாமோ?" என்று நான் கேட்டேன். அந்தக் கவலையிலும் நீ சிரித்தாய். வார்ட்டில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். பூச்சி இல்லை. அந்த டொக்டர் நேர்மையான மனிதர். "பூச்சி இல்லை ஐயா. ஆனால் இது என்னெண்டு எனக்கும் விளங்கேல்லை" என்று சொல்லி அனுப்பினார்.

பூச்சி இல்லை என்றதும் ஊர் தீர்ப்பை மாற்றியது: சாப்பாடு. கொம்மா அன்றையிலிருந்து தேங்காயை வீட்டுக்குள் விடவில்லை. உனக்குக் குரக்கன் புட்டு, அவித்த கீரை, தண்ணிச் சொதி. தோழமைக்கு எனக்கும் அதுதான். ஒரு மாதத்தில் நான் அவ்வளவு மெலிந்தேன், காற்று அடித்தால் லோஞ்சில் என்னைக் கட்டி வைக்கவேண்டி வந்தது. உன் முகம் ஒடுங்கியது, தோள் எலும்பு தெரிந்தது. கால்கள் மட்டும் அசையவில்லை. கொம்மா குசினியில் நின்று அழுதபோது நீ போய் அவளைக் கட்டிப்பிடித்துச் சொன்னதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "அழாதேங்கோ அம்மா. மேல்மாடியில இருந்தவை வீட்டை விட்டிட்டுப் போட்டினம். கீழ்மாடியில இருக்கிறவைதான் எழும்பீனமில்லை." வாய் என்னிடமிருந்து வந்தது என்று நான் பெருமைப்பட்டேன். அந்த வாய்க்குப் பின்னால் எவ்வளவு நோவு இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தெரிய வந்தது ஒரு கை நீட்டலால். துறைமேடையிலிருந்து லோஞ்சுக்கு இறங்குகிறவர்களுக்குக் கை கொடுப்பது எங்கள் தொழிலின் மரியாதை. நான் கை கொடுக்காத ஆள் இந்தக் கடலில் இல்லை. அம்மாள் கோயிலுக்கு வரும் மணப்பெண்கள், விகாரைக்கு வரும் பிக்குமார், ஆடு, ஆட்டுக்குட்டி, ஒரு தடவை ஒரு தையல் மெசின். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நீ ஏறுகிற நேரம் அலை லோஞ்சைத் தூக்கிப் போட்டது. நீ விழப்போகிறாய் என்று உன் மேற்கையைப் பிடித்து இழுத்து உள்ளே ஏற்றினேன். அடுத்த நாள் உன் கையில் என் விரல்கள் ஐந்தும் நீலமாகப் பதிந்திருந்தன. வகுப்பில் ரீச்சர் கேட்டிருக்கிறா, "அப்பா அடிச்சவரோ?" என்று. நீ, "இல்லை ரீச்சர், அப்பா ஏத்தினவர்" என்று சொன்னாய். அன்றுதான் கொம்மா உன் கால்களையும் கிட்ட வைத்துப் பார்த்தாள். கதிரையில் இடித்தது, கட்டிலில் பட்டது, நேவிக்காரர் பாஸ் பார்க்கும் வரிசையில் யாரோ கூடை கொண்டு உரசினது, எல்லாம் நீலமும் பச்சையுமாகக் கண்டிப் போயிருந்தன. ஒரு பூனை மடியில் ஏறினாலும் உனக்கு நொந்ததாம். நீ யாருக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ என் கையைப் பிடிக்கவில்லை. மேடையின் விளிம்பில் குந்தி, சட்டையை ஒதுக்கி, மெல்ல மெல்ல வழுக்கி இறங்குவாய். பின்னால் நிற்கிற சனம் முணுமுணுக்கும். நான் உடனே, "ஒருத்தரும் ஏறாதேங்கோ, இஞ்சின் சூடாகேல்லை, இப்ப ஏறினால் வெடிக்கும்" என்று கத்துவேன். அந்த இயந்திரம் உலகத்திலேயே அதிக நேரம் சூடாகின இயந்திரம். அது ஒரு நாளும் வெடிக்கவில்லை. ஆனால் நீ இறங்கி இருக்கிற வரைக்கும் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், உன்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இனி வெள்ளிக் காலின் கதை. டொக்டருக்கு விளங்காததை அம்மாளிடம் ஒப்படைப்போம் என்று கொம்மா நேர்த்தி வைத்தாள். கோயிலுக்கு வெள்ளியில் கால் செய்து கொடுப்பது. பத்தரிடம் போனேன். வெள்ளித் தகட்டில் அச்சடித்த கால்கள் அவரிடம் ஏற்கெனவே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, ஒவ்வொன்றும் முருங்கைக்காய் மாதிரி மெலிந்த கால். "இது என்ர பிள்ளையின்ர கால் இல்லை பத்தர்" என்றேன். "அண்ணை, எல்லாரும் இதைத்தான் கொண்டுபோகினம். அம்மாளுக்கு ஆள் தெரியும்" என்றார் அவர். "தெரியும். ஆனால் திருவிழா நேரம் எத்தினை ஆயிரம் காலை அவ பார்க்க வேணும்? சுகம் வேற விலாசத்துக்குப் போட்டுதெண்டால் நீர் பொறுப்போ?" பத்தர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கமாட்டேன். லோஞ்ச் கட்டுகிற கயிற்றை எடுத்து வந்து, அது உன்னைத் தொடாமல், காற்றிலே பிடித்து உன் காலை அளந்தேன். கணுக்கால் வளையம், அதற்குக் கீழே சின்னப் பாதம், எல்லாம் அப்படியே செய்ய வைத்தேன். கோயிலில் கொடுக்கும்போது நீ என் காதுக்குள், "ஒரு கால்தான் செய்திருக்கிறியள் அப்பா. அம்மாள் ஒண்டை மட்டும் சுகப்படுத்தினால் நான் வட்டமாய்த்தான் நடக்க வேணும்" என்றாய். ஐயர் மந்திரத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

கால் சுகப்படவில்லை. ஆனால் ஜெர்மனியில் இருக்கிற உன் மாமி, என் தங்கச்சி, உன்னைத் தன்னிடம் அனுப்பச் சொன்னாள். நீ போனாய். பாசை படித்தாய், முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலைக்குப் படித்தாய். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. அந்தக் கால்களோடு அதைத்தான் பிடிப்பேன் என்று நின்றாய். மாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம், இருந்து செய்கிற வேலை எடு என்று. "இருந்தாலும் நோகுது மாமி, நிண்டாலும் நோகுது. நிண்டால் சம்பளமும் நாலு கிழவியளின்ர சிரிப்பும் கிடைக்கும்" என்றாயாம். அங்கே ஒரு டொக்டர் உன்னைப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, மெல்ல அழுத்தி நோகுதா என்று கேட்டு, பாதத்தைப் பார்த்து, கணுக்கால் வளையத்தைத் தொட்டுக் காட்டி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு நீ ரெலிபோன் எடுத்தாய். "அப்பா, அதுக்கு ஒரு பேர் இருக்கு." லிப்பிடீமா. தோலுக்குக் கீழே கொழுப்பு தன்பாட்டில் சேர்ந்து, நொந்து, கண்டிப் போகிற நோய். சாப்பாட்டாலும் வருவதில்லை, சாப்பிடாமல் விட்டாலும் போவதில்லை. அநேகமாகப் பெண்களுக்கு, குடும்ப வழியாக. டொக்டர் தொட்டுக் காட்டிய வளையம் என் வெள்ளிக் காலில் அச்சொட்டாக இருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஜெர்மனி கண்டுபிடிக்க முதல் நயினாதீவில் நானும் பத்தரும் கண்டுபிடித்துவிட்டோம். பேர் வைக்க மட்டும் மறந்துவிட்டோம்.

நான் இப்படித் துள்ளிக்கொண்டிருக்க, கொம்மா ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள், "இஞ்சாருங்கோ, அப்ப அக்கா பஞ்சிக்காரி இல்லையோ?" உன் பெரியம்மாவை நீ பார்த்ததில்லை. கொம்மாவின் மூத்த அக்கா. அவவுக்கும் இதே கால். அம்மியடியில் ஒரு பலகை போட்டு இருந்துதான் எல்லா வேலையும் செய்வா. தண்ணிக்குப் போகமாட்டா, கோயிலுக்கு நடக்கமாட்டா. வீட்டில் எல்லாரும் அவவைச் சோம்பேறி, பஞ்சிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள், செத்த வீட்டிலும் யாரோ அப்படித்தான் சொன்னார்கள். கொம்மா அன்றைக்கு அக்காவின் படத்தை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துத் துடைத்து முன்னறையில் மாட்டினாள். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. உன் நோய்க்குப் பேர் கிடைத்த நாளில், செத்துப்போன ஒரு மனிசியின் பேர் கழுவப்பட்டது. நீ செய்த முதல் வைத்தியம் அது.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து நீ ஊருக்கு வந்த வருசம், தொடைவரை ஏறுகிற, டொக்டர் எழுதிக் கொடுத்த தடித்த மேஸ் காலுறை இரண்டையும் போட்டுக்கொண்டு துறையில் வந்து நின்றாய். உன் கால் அளவுக்கென்றே பின்னினது, அழுத்திப் பிடித்து நோவைக் கொஞ்சம் ஆற்றுகிறது. எங்கள் வெயிலில் அதைப் போடுவது அடுப்புக்குள் காலை விடுவது மாதிரி. ஒருவர் கேட்டார், "பிள்ளை காலுக்கு என்ன போட்டிருக்கு, அண்ணை?" நான், "ஜெர்மனியில விமானம் ஓட்டுறவைக்குக் குடுக்கிறது" என்றேன். நீ அவரைப் பார்த்து, "அப்பாட கதையைக் கேளாதேங்கோ. எனக்குக் காலில ஒரு வருத்தம் இருக்கு, அதுக்குப் போட்டிருக்கிறன்" என்றாய். சத்தமாக, எல்லாருக்கும் கேட்க. நான் இத்தனை வருசம் இயந்திரத்தைச் சூடாக்கி மறைத்ததை நீ ஒரு வசனத்தில் முடித்தாய். அன்றைக்கும் நீ குந்தித்தான் இறங்கினாய். ஆனால் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மேஸும், நிணநீரை மெல்லத் தடவி வடியவிடும் மசாஜும் வருசக்கணக்காகச் செய்தும், நோ கூடிக்கொண்டுதான் போயிற்று. தொடைகள் உரசி, முழங்கால் உள்ளுக்கு வளையத் தொடங்கிவிட்டது. இப்படியே போனால் நின்று செய்கிற வேலையை விடவேண்டி வரும், பிறகு நடையும் குறையும். அப்போதுதான் ஒப்பரேசன் பேச்சு வந்தது. நீ என்னிடம் அபிப்பிராயம் கேட்டாய். சக்கரவர்த்தி சும்மா இருப்பானா? "ஒரேயடியாய் வெட்டி எடுக்கச் சொல்லு. அரைகுறை வேலை எங்கட பரம்பரைக்கு ஆகாது" என்றேன். நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய். "வெட்டி எடுக்கிறது ஒரு வழி இருக்கு அப்பா. ஆனால் அது பெரிய மடிப்பாய்த் தொங்கி, நடக்கவே விடாமல் மறிக்கிறவைக்கு. பெரிய காயம். நிணநீர் ஓடுற குழாயள் அறுபட்டால் பிறகு கால் வேற விதமாய் வீங்கும். எனக்கு இப்ப அது தேவையில்லை." மாமி தன் பங்குக்கு, இரைப்பையைச் சின்னதாக்குகிற ஒப்பரேசனைப் பற்றி யாரிடமோ கேட்டு வந்திருந்தாள். அதற்கும் உன்னிடம் பதில் இருந்தது. "அது உடம்பு முழுக்கப் பாரம் கூடினவைக்கு உதவும். அப்படிப் பாரம் உள்ள ஆளுக்கு இந்த வருத்தமும் இருந்தால் முழங்காலுக்கு நல்லது. ஆனால் இந்தக் கொழுப்பு அதுக்கு மசியாது. நான்தான் தேங்காய் இல்லாமல் ஒரு வருசம் இருந்து பார்த்தனானே."

மூன்றாவது வழிதான் நீ எடுத்தது. காலுக்குள் உப்புத்தண்ணீரும் விறைப்பு மருந்தும் கலந்து ஏற்றி, கொழுப்பை ஊறவைத்து, சின்னத் துளையால் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுப்பது. குழாய் அதிர்ந்து அதிர்ந்து போகுமாம். நிணநீர்க் குழாய்களுக்குக் குறுக்கே போகாமல் காலின் நீளவாக்கிலேயே போகுமாம். ஒரே நாளில் எல்லாம் எடுப்பதில்லை. முதலில் கீழ்க்கால், ஆறவிட்டுப் பிறகு தொடை, அப்படிப் பல தடவை. நீ விழித்துக்கொண்டே இருப்பாய். இதைக் கேட்டபோது என் நெஞ்சு பனைமரத்தளவு உயர்ந்தது. லோஞ்சின் அடியில் சேர்கிற தண்ணீரைக் குழாய் விட்டு இறைப்பதுதானே என் வாழ்நாள் வேலை. உப்புத்தண்ணீரோ எங்கள் குடும்பச் சொத்து. உலகத்தில் உள்ள ஒப்பரேசன்களில் எங்கள் பரம்பரைக்கென்றே செய்தது இது ஒன்றுதான்.

ஆனால் உன்னைப் பற்றி நான் அதிகம் பெருமைப்படுவது நீ எதைத் தெரிந்தெடுத்தாய் என்பதற்காக அல்ல, எப்படித் தெரிந்தெடுத்தாய் என்பதற்காக. லோஞ்ச் வாங்கப் போன காலத்தில் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன், நினைவிருக்கிறதா? விற்கிறவர் ஓடுகிற லோஞ்சைக் காட்டினார். நான் அவர் கட்டின லோஞ்சில் கடலில் மூழ்கிப்போன ஒன்று எங்கேயாவது கிடக்கிறதா என்று விசாரித்து, ஊர்காவற்றுறைக் கரையில் கவிழ்ந்து கிடந்த அதன் அடிப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். வெயிலில் நின்று நீ அலுத்துப்போனாய். அதே நீ, அந்த ஒப்பரேசன் டொக்டரிடம், "நல்லாய் வந்தவையின்ர படம் பார்த்தது போதும். சரிவராமல் போன ஆராவது என்னோட கதைக்கச் சம்மதிப்பினமோ?" என்று கேட்டாய். அவர் ஒரு மனிசியிடம் சம்மதம் கேட்டு விலாசத்தைத் தந்தாராம். நீ பஸ் ஏறிப்போய் அந்த மனிசியோடு இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்தாய். தோல் தளர்ந்துபோனதை, ஒரு இடத்தில் கிருமி பிடித்ததை, மேஸை இப்போதும் போடுவதை, எல்லாவற்றையும் அவ சொன்னா. இரத்தம் கட்டிப்போகிற ஆபத்தும் இருக்கிறதாம். "இன்னொருக்கால் வந்தால் செய்வியளோ?" என்று கேட்டாய். அவ யோசித்து, "ஓம். ஆனால் புதுக் கால் கிடைக்கும் எண்டு நினைச்சுப் போகமாட்டன்" என்றாவாம். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் நீ நாள் குறித்தாய். உன் டொக்டரும் முழுச்சுகம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நோ குறையலாம், கண்டல் குறையலாம், முழங்கால் தப்பலாம் என்றுதான் சொன்னார். அந்த 'லாம்' மூன்றையும் பிடித்துக்கொண்டு நீ போகிறாய். இதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று கடலில் போகிறவனுக்குத் தெரியும்.

நடுவில் ஒரு சம்பந்தப் பேச்சு வந்ததையும் ஊர் அறியட்டும். பேரைச் சொல்லமாட்டேன். மாப்பிள்ளையின் தாயார் மாமி வீட்டுக்கு வந்து, கலியாணத்துக்கு முதல் ஒப்பரேசனை முடித்தால் கலியாணப்பட அல்பம் வடிவாக வரும் என்றாவாம். நீ அந்தத் தாயாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாய், "என்ர கால் அல்பத்துக்கு இல்லை மாமி. நடக்கிறதுக்கு." அவ எழும்பிப் போய்விட்டா. அன்றைக்கு மாமி எனக்கு ரெலிபோன் எடுத்து, "அண்ணை, உன்ர மகள் நல்ல சம்பந்தத்தைக் கலைச்சுப் போட்டாள்" என்று அழுதாள். நான் துறையில் நின்ற எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

இனி, இந்தக் கடிதம் ஏன் மலரில் வருகிறது என்ற கதை. நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். போகிற வருகிற நடையெல்லாம் பிரயாணிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மறிப்பதற்கு ஆள் இல்லை, கடலில் இறங்கிப் போகவும் ஏலாது. துறையில் இப்போது என்னை ஒப்பரேசன் மாமா என்கிறார்கள். போன திருவிழாவுக்கு, நான் குழாய் நீளவாக்கில் போவதைச் சுக்கானை விட்டுவிட்டுக் கையால் காட்டிக்கொண்டிருந்தபோது, பின் பலகையில் ஒரு மனிசி சீலையை நிலம் வரை இழுத்து மூடிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருந்தா. நெடுந்தீவு ஆள். எல்லாரும் இறங்கின பிறகும் எழும்பவில்லை.

"அண்ணை, உங்கட மகளுக்குத் தொட்டாலும் நோகுமோ?"

"ஓம், தங்கச்சி."

"சும்மா சும்மா கண்டிப் போகுமோ?"

"ஓம்."

அவ சீலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கினா. அதே வளையம். அதே சின்னப் பாதம். பத்தர் என் வெள்ளிக் காலை இவவின் காலைப் பார்த்துத்தான் செய்தாரோ என்று நினைக்கத் தோன்றியது. "நான் சோறு விட்டுப் பார்த்திட்டன் அண்ணை. நடந்து பார்த்திட்டன். என்னைப் பஞ்சிக்காரி எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம்" என்றா. பிள்ளை, உன் அப்பாவின் வாய் அந்த நிமிசம் அடைத்துப்போயிற்று. இந்தக் கடலின் சரித்திரத்தில் அது முதல் தடவை. வெட்டுவது, உறிஞ்சுவது எல்லாம் மறந்து, "அது உம்மட பிழையில்லை தங்கச்சி" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கொம்மா அவவைக் கண்டதும் முன்னறைப் படத்தைப் பார்த்தாள், பிறகு கதிரையை இழுத்துப் போட்டாள். ரெலிபோனில் நீ அவவோடு கதைத்தாய். கதைத்து முடிய அவ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை என்னைப் பட்டினத்தில டொக்டரிட்டை போய், இந்தப் பேரைச் சொல்லிக் கேட்கச் சொன்னவ. இறுக்கிக் கட்டவோ, உருவிப் பிசையவோ வேண்டாமாம்" என்றா. பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனா. எங்கள் தீவுகளில் சீலையை நிலம் வரை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ. அவர்கள் கையில் இந்த மலர் கிடைக்கட்டும். ஒப்பரேசன் அவர்களுக்குச் சரிவருமோ வராதோ, அதைத் தெரிந்த டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். பஞ்சி இல்லை என்பதை நான் சொல்கிறேன்.

கடைசியாக, தகப்பன் என்ற முறையில் புத்திமதி சொல்லவேண்டுமாம். சொல்கிறேன். ஒப்பரேசன் நேரம் நீ விழித்திருப்பாய் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. டொக்டரைச் சிரிக்க வைக்காதே, அவர் கையில் குழாய் இருக்கும். முடிந்த பிறகு மேஸைப் போடு, அவர்கள் நடக்கச் சொன்ன அளவுக்கு நட, உன் கிழவிமாருக்காக முந்தி ஓடாதே. அவர்கள் காத்திருப்பார்கள். ஒரு தடவைக்குப் பிறகு நோ குறையவில்லை என்றால், அல்லது இரண்டாவது வேண்டாம் என்று உனக்குப் பட்டால், நிறுத்து. நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். நான் சிலவேளை கேட்பேன், ஆனால் கொம்மா என் வாயைப் பொத்துவாள். சரிவந்தாலும் வராவிட்டாலும், இந்தக் கால்கள் உன்னை எங்கெல்லாம் கொண்டுபோயின என்று நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தூரம் நடந்த கால்கள் எங்கள் பரம்பரையில் வேறு யாருக்கும் இல்லை. இதில் நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து ஆறின பிறகு நீ ஊருக்கு வருவாய். குறிகாட்டுவான் மேடையில் வந்து நிற்பாய். லோஞ்ச் கீழே ஆடிக்கொண்டிருக்கும், பின்னால் சனம் நிற்கும். அன்றைக்கு நான் இயந்திரம் சூடாகவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், சனம் பார்க்கட்டும். எல்லாருக்கும் கை கொடுக்கிற நான், என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். நீ ஒரு எட்டு வைத்து இறங்கினாலும் சரி, பழையபடி குந்தி வழுக்கி இறங்கினாலும் சரி, உன் நேரத்துக்கு இறங்கு. பிடிக்க ஏதாவது வேண்டுமென்றால் கேள். கை பின்னால்தான் இருக்கும், தூரத்தில் இல்லை.

உன் அப்பா